எண்ணெய் தேய்ச்சு குளிக்கிற ஒரு நாள்: வீட்டுக்குள்ளயே மனசு ஆற ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு கூட்டிட்டு வந்ததுக்கு அப்புறமும் எனக்கு மூணு மாசம் தூக்கம் சரியா வரல. ஃபோன் அடிச்சாலே நெஞ்சு படபடங்கும், ஆனா ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதே ஃபோனைத்தான் கையில வச்சு தள்ளிட்டே கிடப்பேன். வேலை வீட்ல இருந்துதான், அதனால வீடுங்கறதே ஒரு ஆபீஸ் மாதிரி, ஒரு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆயிடுச்சு. அப்போ சிவகங்கை பக்கத்துல இருந்து பெரியம்மா அப்பாவை பாக்க வந்தாங்க. வந்து உக்காந்து காபி குடிச்சுட்டு என் தலையை பாத்தாங்க. "என்னத்தா இது, தலை இப்படி பறட்டையா கெடக்கு, எண்ணெய கண்டு எத்தனை நாளாச்சு"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் ஞாபகமே இல்ல. மறுநாள் வெள்ளிக்கிழமை, காலைல எழுப்பி முற்றத்துல ஒரு முக்காலியை போட்டு உக்கார வச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு தூங்கினவ காலைல ஆறு மணிக்குத்தான் கண்ணு முழிச்சேன்.

அதுல இருந்து மாசத்துக்கு ரெண்டு தடவையாவது அந்த ஒரு நாளை அப்படியே செஞ்சுட்டு வர்றேன். வெறும் குளியல் மட்டும்னு நினைக்காதீங்க, எண்ணெய் காய்ச்சறதுல ஆரம்பிச்சு ராத்திரி மொட்டை மாடில பாய் விரிக்கற வரைக்கும் அது ஒரு முழு நாள் வேலை. இது ஏன் மனசை ஆத்துதுன்னு நான் நிறைய யோசிச்சு பாத்துருக்கேன். ஒவ்வொரு கட்டத்துலயும் நீங்க எதுக்காவது காத்திருக்கணும். எண்ணெய் ஆறணும், ஊறணும், முடி காயணும், டிகாக்‌ஷன் இறங்கணும், மொட்டு விரியணும், இதுல எதையும் அவசரப்படுத்த முடியாது. கை முழுக்க எண்ணெய் இருக்கும்போது ஃபோனை தொடவும் முடியாது. அதனால எப்படி செய்யணும்னு ஒண்ணு விடாம சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

எந்த நாள், யாருக்கு வேண்டாம்

வழக்கம் என்னன்னா பொண்ணுங்களுக்கு செவ்வாய் வெள்ளி, ஆம்பளைங்களுக்கு புதன் சனி. எனக்கு வெள்ளிக்கிழமை லீவு போட முடியாது, அதனால ஞாயித்துக்கிழமைதான் தேய்க்கறேன். பெரியம்மா முதல்ல முகத்தை சுளிச்சாங்க, அப்புறம் "தேய்க்காம கெடக்குறதுக்கு ஞாயிறு தேவல"ன்னுட்டாங்க. நீங்களும் உங்களுக்கு தோதான நாளை எடுத்துக்கோங்க. ஆனா அன்னைக்கு கல்யாணம், கடைத்தெரு, பேங்க்னு எதையும் வச்சுக்காதீங்க. வெயில் நல்லா அடிக்கற நாளா இருந்தா ரொம்ப நல்லது.

காய்ச்சல், சளி, தலைபாரம், சைனஸ் தொந்தரவு இருக்கும்போது கண்டிப்பா வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். தலையில புண்ணு, பத்து, அரிப்பு இருந்தா அதை முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. இதய நோய், பிரஷர் இருக்கறவங்க ரொம்ப சூடான தண்ணியை தவிர்க்கணும், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கைக்குழந்தைங்களுக்கு மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடுற பழக்கம் இன்னும் சில வீட்ல இருக்கு, தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிட்டா அது பெரிய ஆபத்து.

முந்தின நாள்

மூணு வேலை இருக்கு. சோறை குக்கர்ல வைக்காம பானைல வச்சு வடிச்சு கஞ்சியை எடுத்து வச்சுடுங்க, ராத்திரி சமைச்சா ஃபிரிட்ஜ்ல வச்சு காலைல சூடு பண்ணிக்கலாம். பழைய துண்டு ரெண்டு, பழைய நைட்டி இல்லன்னா கைலி ஒண்ணு எடுத்து வைங்க, எண்ணெய் பட்டா போகாது. அப்புறம் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் கிடைக்க மாட்டேன்னு யாருக்கு சொல்லணுமோ அவங்களுக்கு ராத்திரியே சொல்லிடுங்க. நான் அக்காகிட்டயும் ஆபீஸ் டீம் லீட்கிட்டயும் மட்டும் சொல்லுவேன். இந்த மூணாவது வேலையை செய்யாம ஆரம்பிச்ச ரெண்டு தடவையும் பாதி எண்ணெயோட எழுந்து ஓட வேண்டியதா போச்சு.

எண்ணெய் காய்ச்சறது

நல்லெண்ணெய்தான். மரச்செக்குல ஆட்டினது கிடைச்சா வாசனையிலயே வித்தியாசம் தெரியும். தலைக்கும் உடம்புக்கும் சேத்து ஒரு ஆளுக்கு 100 மில்லி தாராளமா போதும். அதுக்கு எட்டு பத்து மிளகு, அரை ஸ்பூன் சீரகம், பச்சரிசி அஞ்சாறு மணி, ஒரு வெத்தலை. குளிர் உடம்புக்காரங்க ரெண்டு பல்லு பூண்டை தட்டி சேத்துக்கலாம்.

சின்ன இரும்பு சட்டில எண்ணெயை ஊத்தி சிம்ல வைங்க. மிளகு, சீரகம், அரிசி எல்லாத்தையும் போட்டுட்டு பக்கத்துலயே நில்லுங்க. அந்த அரிசிதான் தெர்மாமீட்டர். அது வெள்ளையா பொரிஞ்சு மேல வந்ததும் அடுப்பை அணைச்சுடணும், அதுக்கு மேல காய்ஞ்சா எண்ணெய் கருகின வாசனை அடிக்கும். வெத்தலையை ஈரம் துளிகூட இல்லாம துணியால துடைச்சு, கிழிச்சு, அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம் தள்ளி நின்னு போடுங்க, ஈரம் இருந்தா எண்ணெய் முகத்துல தெறிக்கும். இந்த வாசனை இருக்கே, மிளகும் வெத்தலையும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசனை, எனக்கு அதுவே பாதி வைத்தியம். எங்க அம்மாச்சி வீட்டு தீபாவளி விடியக்காலை அப்படியே கண்ணு முன்னாடி வந்து நிக்கும்.

இப்போ ஆறணும். கால் மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல ஆகும். மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு பாருங்க, இதமா இருக்கணும். அந்த நேரத்துல சும்மா உக்காருங்க, வேற வேலை எதையும் இழுத்து போட்டுக்க வேண்டாம்.

தேய்க்கறது

யாராவது தேய்ச்சு விட்டா அதுக்கு ஈடே கிடையாது. அம்மாவோ அக்காவோ வீட்டுக்காரரோ, யார் இருந்தாலும் வெக்கப்படாம கேளுங்க. நம்ம ஊர்ல வளந்த பிள்ளைகளை யாரும் சும்மா தொட்டு பேசறதில்ல, தலைல எண்ணெய் வைக்கற சாக்குலதான் அந்த தொடுதலே கிடைக்குது. பெரியம்மா என் உச்சில எண்ணெய வச்சு உள்ளங்கையால அழுத்தினப்போ எனக்கு காரணமே இல்லாம அழுகை வந்துச்சு, அவங்க எதுவும் கேக்கல, தேய்ச்சுகிட்டே இருந்தாங்க.

தனியா இருக்கறவங்க வருத்தப்பட வேண்டாம், நாமளே தேய்ச்சுக்கலாம், நான் இப்ப பெரும்பாலும் அப்படித்தான். தரைல பழைய சாக்கையோ பேப்பரையோ விரிச்சு, முக்காலில உக்காந்து, உள்ளங்கைல எண்ணெய எடுத்து முதல்ல உச்சி. அப்படியே கொஞ்ச நேரம் அழுத்தி வச்சுட்டு விரல் நுனியால வேர்க்கால்ல வட்டமா தேய்ங்க, நகம் படக்கூடாது. காதுக்கு பின்னாடி, காது மடல், பிடரி. பிடரிலதான் நாள் முழுக்க கம்ப்யூட்டர் பாக்கற வலி எல்லாம் சேந்து கிடக்கும், அங்க அவசரப்படாதீங்க. அப்புறம் தோள்பட்டை, கை கால்ல நீளமா உருவி, முட்டியும் முழங்கையும் வர்ற இடத்துல மட்டும் வட்டமா. வயித்துல தொப்புளை சுத்தி மெதுவா. முதுகு எட்டாது, ஒரு பழைய காட்டன் துணியை எண்ணெய்ல நனைச்சு ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்தா எட்டும். உள்ளங்கால் கடைசி, அதுக்கு அப்புறம் நடக்கறதுல ரொம்ப கவனம் வேணும்.

தேய்ச்சு முடிச்சுட்டு இளவெயில்ல அரை மணி நேரம் ஊறணும், அதிகபட்சம் முக்கால் மணி. ஜன்னல் வழியா வெயில் விழற இடம் இருந்தாலே போதும். இந்த அரை மணி நேரத்துலதான் முதல் நாலஞ்சு தடவை எனக்கு கை பரபரத்துச்சு, எதையாவது பாக்கணும் போல இருந்துச்சு, கைல எண்ணெய் இருக்கறதால சும்மா உக்காந்தேன். எதுத்த வீட்டு முருங்கை மரத்துல அணில் ரெண்டு ஓடுறதை, பால்காரர் சைக்கிளை, குக்கர் விசிலை எல்லாம் ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் கவனிச்சேன்.

சீயக்காய், வெந்நீர்

தண்ணி பொறுக்கற சூட்ல இருக்கணும், தலைக்கு அதைவிட கொஞ்சம் கம்மியா. சீயக்காய் பொடி நீளமான முடிக்கு மூணு ஸ்பூன் குவிச்சு எடுத்து, இளஞ்சூடான வடிகஞ்சில தோசை மாவு பதத்துக்கு கரைச்சு பத்து நிமிஷம் வைங்க. கொங்கு பக்கத்து ஆளுங்க அரப்புத்தான் போடுவாங்க, உசிலை மரத்து இலையை காயவச்சு பொடிச்சது, அதுவும் குளிர்ச்சியா நல்லா இருக்கும். தலையை லேசா நனைச்சு, கரைச்சதை வேர்க்கால்ல தடவி, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு தேய்ங்க. கண்ணுல பட்டா எரியற எரிச்சல் சாயங்காலம் வரைக்கும் போகாது, அதனால ஒரு சொம்பு சுத்தமான தண்ணி கைக்கு எட்டற தூரத்துல வச்சுக்கோங்க.

ஷாம்பு மாதிரி நுரை பொங்கும்னு எதிர்பார்த்து திரும்ப திரும்ப போடாதீங்க. சீயக்காய்ல இயற்கையாவே சபோனின் இருக்கு, அதுதான் எண்ணெயை எடுக்குது, ஆனா நுரை கம்மியாத்தான் வரும். ரெண்டு தடவை போட்டா போதும், லேசா எண்ணெய் பசை மிச்சம் இருக்கறதுதான் பதம். உடம்புக்கு பாசிப்பயறு மாவு.

பொடி வீட்ல அரைக்கறதுன்னா சீயக்காய் ஒரு கிலோவுக்கு பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், கூட காஞ்ச செம்பருத்தி, ஆவாரம்பூ, எலுமிச்சம்பழ தோல் ரெண்டு கைப்பிடி. மொட்டை மாடில ரெண்டு மூணு நாள் மொறுமொறுன்னு காயவச்சு மில்லுல கொடுங்க, ஆனா சீயக்காய்க்கு தனி மிஷின் வச்சுருக்கற மில்லான்னு கேட்டுட்டு போங்க.

ரெண்டு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, நான் பட்டு தெரிஞ்சுகிட்டது. பாத்ரூம் ஓட்டைல ஒரு சல்லடை வச்சுடுங்க, இல்லன்னா பொடியும் முடியும் சேந்து அடைச்சுக்கும். குளிச்சு முடிச்சதும் மிச்சம் இருக்கற சீயக்காயை தரைல கொட்டி தேய்ச்சு கழுவிட்டுத்தான் வெளிய வரணும், அடுத்து உள்ள போறது வயசானவங்களா இருந்தா வழுக்கி விழுந்துருவாங்க.

சாம்பிராணி

முடியை துண்டால கட்டி தண்ணி இறங்கினதும் கொட்டாங்குச்சியை கொளுத்தி தணலாக்கி தூபக்கால்ல போட்டு கட்டி சாம்பிராணியை பொடிச்சு தூவுங்க. கப் சாம்பிராணி சுலபம்தான், ஆனா கட்டியோட வாசனை அதுல வராது. சுமத்ரா தீவு மாதிரி இடங்கள்ல வளர்ற ஒரு மரத்தோட பட்டையை கீறி விட்டா வடியற பாலு காஞ்சு கட்டியாகறதுதான் சாம்பிராணி, கப்பல்ல வந்த சரக்கு நம்ம வீட்டு வெள்ளிக்கிழமையாவே மாறிப்போச்சு. ஒரு முழம் தள்ளி முடியை விரிச்சு பிடிங்க, ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ஆஸ்துமா இருக்கறவங்க, கைக்குழந்தை இருக்கற வீடு, இதை விட்டுடுங்க, வெயில்ல முடியை காயவச்சாலே போதும்.

மத்தியான சாப்பாடு

பசி வயித்தை கிள்ளும். எண்ணெய் குளியல் அன்னைக்கு வர்ற பசி தனி. அன்னைக்கு மிளகு ரசம், பருப்பு துவையல், சுட்ட அப்பளம், வேற எதுவும் செய்யாதீங்க. தயிர், குளிர்ந்த தண்ணி, ஐஸ்கிரீம் வேண்டாம்னு பெரியவங்க சொல்லுவாங்க, நானும் அப்படியே கேட்டுக்கறேன்.

துவையலுக்கு துவரம்பருப்பு ஒரு கைப்பிடியை வாசனை வர வறுத்து, ரெண்டு வரமிளகாய், அஞ்சாறு மிளகு, ஒரு பல்லு பூண்டு, கொஞ்சம் தேங்காய், உப்பு வச்சு கெட்டியா கொரகொரன்னு அரைச்சுடுங்க. ரசத்துக்கு ஒன்றரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், ஆறு பல்லு பூண்டு, இதை உரல்ல தட்டுங்க, மிக்சில அரைச்சா மாவா போயிடும். சின்ன நெல்லிக்காய் அளவு புளியை மூணு டம்ளர் தண்ணில கரைச்சு, தக்காளி ஒண்ணை பிசைஞ்சு விட்டு, மஞ்சப்பொடி, உப்பு போட்டு பச்சை வாசனை போக கொதிச்சதும் தட்டினதை போட்டு, நுரை கட்டி விளிம்புல இருந்து ஏறி வரும்போதே அணைச்சுடணும். கொதிக்க விட்டா கசந்துரும். நெய்ல கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு கொட்டி உடனே மூடி வைங்க. சூடான சோத்துல குழைய பிசைஞ்சு, தரைல சம்மணம் போட்டு உக்காந்து, கையில வழிய வழிய சாப்பிடுங்க.

தூங்காம இருக்கறது

இதுதான் கஷ்டமான கட்டம். சாப்பிட்டதும் கண்ணு சொக்கும். எண்ணெய் தேய்ச்ச அன்னைக்கு பகல்ல தூங்கக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடே உண்டு, சளி பிடிக்கும்பாங்க. எனக்கு பட்ட காரணம் வேற, பகல்ல ஒரு மணி நேரம் தூங்கிட்டா ராத்திரி வர வேண்டிய அந்த அருமையான தூக்கம் போயிடுது. அதனால படுக்காம கைக்கு ஒரு சின்ன வேலை கொடுங்க. நான் ரேடியோவை போட்டுட்டு பூ கட்டுவேன். எங்க மதுரைல கொடைக்கானல் பண்பலை 100.5 நல்லா எடுக்கும், அடுத்து என்ன பாட்டு வரும்னு நமக்கு தெரியாது, மாத்தவும் தோணாது, அதுவே ஒரு ஓய்வு.

மல்லி மொட்டா வாங்குங்க, கட்டின சரம் வேண்டாம், 100 கிராம் போதும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது, ஆனா மார்கழி தை பனில வரத்து குறைஞ்சு விலை எகிறிடும், அப்போ கனகாம்பரமோ செவ்வந்தியோ பாத்துக்கலாம். வாழை நாரை தண்ணில நனைச்சு மெல்லிசா கிழிச்சுக்கோங்க. ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு மொட்டு அந்தப் பக்கம் காம்போட காம்பு சேர வச்சு, நாரை ஒரு சுத்து சுத்தி, வலது கை விரல்ல ஒரு வளையம் போட்டு பூ மேல மாட்டி இழுக்கணும். இறுக்கினா காம்பு அறுந்துடும், தளர்த்தினா உதிரும். முதல் முழம் கோணல்மாணலா வரும், அதையும் சாமி படத்துக்கு போடுங்க. ஆம்பளைங்களும் கட்டலாம், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல வந்து பாருங்க, ஆம்பளை கைங்க என்ன வேகத்துல கட்டுதுன்னு.

நாலு மணி காபி

ஃபில்டர் மேல் பாத்திரத்துல ரெண்டு பேருக்கு மூணு ஸ்பூன் குவிச்சு காபித்தூள், குடையை வச்சு லேசா அமுக்கி, கொதிச்சு அடங்கின தண்ணியை சுத்தி ஊத்தி மூடிடுங்க. இறங்க இருபது நிமிஷம் ஆகும், நடுவுல தட்டாதீங்க, ஆட்டாதீங்க. காபித்தூள்ல சிக்கரி நூத்துக்கு 20 பங்குக்கு மேல போனா எனக்கு பிடிக்காது, அது அவங்கவங்க நாக்கு. பாலு புதுசா காய்ச்சினதா இருக்கணும், டிகாக்‌ஷனை திரும்ப சூடு பண்ணவே கூடாது. டபரால ரெண்டு ஆத்து ஆத்தி வாசப்படில உக்காந்து குடிங்க. வீட்ல பெரியவங்க இருந்தா அவங்க பக்கத்துல போய் உக்காந்துக்கோங்க. அப்பா இந்த காபி நேரத்துலதான் ஆஸ்பத்திரில அவர் எவ்வளவு பயந்தாருன்னு முதல் தடவையா என்கிட்ட சொன்னாரு.

மொட்டை மாடி

வெயில் தாழ்ந்ததும் மாடில ரெண்டு பக்கெட் தண்ணி அடிச்சு விடுங்க, பகல் முழுக்க குடிச்ச சூட்டை தளம் அந்த தண்ணிக்கு கொடுத்து ஆறிடும், எட்டு மணிக்கு மேல உக்கார இதமா இருக்கும். கோரைப்பாய் ஒண்ணு விரிச்சு, மிச்ச ரசத்தை சோத்துல கரைச்சு ஒரு கிண்ணத்துல எடுத்துட்டு மேல போங்க. அதுக்குள்ள காலைல வாங்கின மொட்டு எல்லாம் விரிஞ்சு மணக்க ஆரம்பிச்சுருக்கும். மாடி இல்லாத அபார்ட்மெண்ட்ல பால்கனியோ ஜன்னலோரமோ போதும், லைட்டை மட்டும் அணைச்சுடுங்க.

முழு நாள் கிடைக்காதவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். படுக்கறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி உள்ளங்கால்ல நல்லெண்ணெய் தடவி கால் மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணில காலை வச்சு உக்காருங்க. சூடு பட்டு தோல்ல இருக்கற ரத்தக்குழாய் விரிஞ்சு உடம்போட உள்சூடு வெளிய இறங்கும், அது இறங்கும்போதுதான் தூக்கம் வரும். சர்க்கரை நோய்ல கால் மரத்துப் போனவங்க மட்டும் தண்ணி சூட்டை வேற யாரையாவது தொட்டு பாக்க சொல்லுங்க.

மிஞ்சின எண்ணெயை வடிகட்டி கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வைங்க, ரெண்டு வாரத்துக்கு கெடாது, அடுத்த தடவை லேசா சூடு பண்ணினா போதும். எண்ணெய் துண்டை மத்த துணியோட போடாம வெந்நீர்ல தனியா ஊற வைங்க. பாயை பனில விட்டுட்டு வராதீங்க, சுருட்டி எடுத்துட்டு கீழ வந்துடுங்க.